மூணாம் மாடிக்காரியின் விடுமுறை

கோடையில், அதுவும் சனி ஞாயிறில், ஒரு ஹோட்டல்காரன் இலவசமாக அறை தருகிறான் என்றால் அந்த அறையைக் காசு கொடுத்து எடுக்க ஆளில்லை என்று அர்த்தம். இதை என் மனைவியிடம் முன்பே சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஹோட்டலின் மூன்றாம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. வருடத்துக்கு ஒருமுறை, ஒழுங்காக வேலை செய்கிற ஒருவரைப் பொறுக்கியெடுத்து, குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிக்கொள் என்பார்கள். இந்த முறை அவள். மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கைதட்டச் சொல்லி, அவள் கையைக் குலுக்கினாராம். குலுக்கிய கையை, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, கைக்குட்டையில் துடைத்தாராம். அவளே சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"துடைச்சா துடைச்சிட்டுப் போகட்டும். ரெண்டு நாள் லீவு கிடைக்குதுல்ல. சனி ஞாயிறு முழுக்க சுண்டு என்கூட இருப்பா," என்றாள்.

சுண்டு எங்கள் மகள். நாலு வயது முடியப்போகிறது. பல் முளைத்த நாளிலிருந்து சுண்டெலியாக எதையாவது கொறித்துக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். மற்றவர்கள் வீட்டில் கால் நீட்டிக் கிடக்கிற சனி ஞாயிறில்தான் ஹோட்டல் நிரம்பும். அதனால் பிள்ளை பிறந்து இந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு என் மனைவிக்கு ஒரு சனி ஞாயிறுகூட வீட்டில் கிடைத்ததில்லை. பிள்ளை என் பஞ்சர் கடையில் பழைய டயருக்குள் உட்கார்ந்தும், பக்கத்து வீட்டு அத்தையின் இடுப்பில் தொங்கியும் வளர்ந்தது. என் மேல் ஏறும், அத்தை மேல் ஏறும், அவள் மடியில் மட்டும் உட்காராது. இந்த இரண்டு நாளில் பிள்ளையை எப்படியாவது தன் மடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய திட்டம். நீச்சல் குளம், ஐஸ்கிரீம், ஏசி என்றெல்லாம் சொன்னது சும்மா எங்களைக் கிளப்புவதற்கு.

அறை நாலாம் மாடியில். கதவைத் திறந்ததும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜன்னலுக்கு நேர் கீழே சமையல்கூடத்தின் குப்பைத் தொட்டிகள். அதையொட்டி, நாளெல்லாம் எண்ணெய்ப் புகையைக் கக்குகிற ஒரு தகரக் குழாய். மீன் செதிளும் முட்டை ஓடும் வெயிலில் வெந்து, அதன் மேல் எண்ணெய்ச் சிக்கு படிந்தால் என்ன நாற்றம் வருமோ அது, ஜன்னலை இறுக்கி மூடிய பிறகும் உள்ளே வந்தது. ஏசி இருமியதே தவிர குளிரவில்லை. சுவரில் பெரிதாக ஒரு கடற்கரைப் படம் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தாலும் எனக்கு மீன் செதிள்தான் ஞாபகம் வந்தது.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள் அவள்.

நான் இரண்டு கையிலும் பையோடு, தோளில் பிள்ளையோடு நடு அறையில் நின்றேன். அவள் கைப்பையிலிருந்து ரப்பர் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். கட்டிலின் மேல் அழகுக்குப் போட்டிருந்த கனத்த விரிப்பை இரண்டு விரலால் தூக்கி, சுருட்டி, அலமாரியின் அடித்தட்டில் தள்ளினாள்.

"இதை எப்பத் துவைப்பாங்க?" என்று கேட்டேன்.

"கறை தெரிஞ்சா."

"தெரியலன்னா?"

"தெரியக்கூடாதுன்னுதான் அந்தக் கலர்ல வாங்குறாங்க."

விரிப்பு அடர்ந்த பழுப்பு நிறம். அவள் அடுத்து டிவி ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவற்றைச் சில பேர் விருந்தாளி குளித்துப் போட்ட டவலால்தான் துடைப்பார்களாம். தண்ணீர் சுடவைக்கிற மின்சாரக் கெட்டிலைத் தொடவே இல்லை. அதில் தண்ணீர் வைக்கிறவர்கள் பாதிப் பேர்தான், மீதிப் பேர் சாக்ஸை அவித்து எடுப்பார்கள் என்றாள். கடைசியாகக் கட்டிலில் இருந்த வெள்ளை ஷீட்டையும் உருவினாள்.

"அதாவது துவைச்சதுதானே?"

"துவைச்சதுதான். யார் யாரோட ஷீட்டோட சேத்துத் துவைச்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வீட்டிலிருந்து கொண்டுவந்த, பூப்போட்டு வெளுத்துப்போன எங்கள் பழைய ஷீட்டை விரித்தாள். அதன் பிறகுதான் பிள்ளையை இறக்க உத்தரவு கிடைத்தது. காசு கொடுத்து வருகிறவன் ஒன்றும் தெரியாமல் புரண்டுவிட்டுச் சந்தோஷமாகப் போகிறான். இலவசமாக வந்த எனக்கு இந்தப் பாடம்.

கல்யாணமான புதிதில் அவளுக்கு இந்த அருவருப்பெல்லாம் கிடையாது. அப்போது ஒரு தையல் கம்பெனியில் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மதியம் என் கடைக்கு வந்து, கிரீஸ் கையோடு நான் நீட்டுகிற டீயை அப்படியே வாங்கிக் குடிப்பாள். கம்பெனியை மூடினார்கள். பிள்ளை தவழ ஆரம்பித்த சமயத்தில் இந்த ஹோட்டல் வேலை வந்தது. முதல் வாரம் அவள் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்தாலே எழுந்து ஓடுவாள். என்னடி பார்த்தாய் என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று நானும் சாப்பிடாமல் எழுந்தேன். டீக் கோப்பையில் கால் நகத்தை வெட்டிப் போட்டிருக்கிறான் ஒருத்தன். குழந்தையின் டயப்பரைச் சுருட்டித் தலையணை உறைக்குள் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள் ஒருத்தி. மேசைக்கு அடியிலேயே குப்பைக்கூடை இருக்கிறது. ஒரு குடும்பமே ஷூவைப் படுக்கை விரிப்பில் துடைத்திருக்கிறது. இதையெல்லாம் செய்கிறவர்கள் யாரோ என்று நினைத்தால், அவர்களைக் கீழே வரவேற்பறையில் நான் பார்த்திருக்கிறேன். தேய்த்த சட்டை, வாசனைத் தைலம், 'எக்ஸ்கியூஸ் மீ'. எனக்கு அவர்கள் மேல் வருகிற அருவருப்பு அவர்களுடைய அழுக்கின் மேல்கூட வருவதில்லை.

அப்போது அவளைத் தேற்றி நிறுத்தியது நாலாம் மாடி அக்கா. அந்த ஹோட்டலில் சுத்தம் செய்கிறவர்களுக்குப் பெயர் கிடையாது, மாடிதான் பெயர். 'மூணாம் மாடி, சோப்பு இருக்கா', 'அஞ்சாம் மாடி இன்னிக்கு லீவு' என்றுதான் பேச்சு. நாலாம் மாடி அக்கா வயதில் மூத்தவர். மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொள்ளவும், மூச்சை வாயால் விடவும், அறைக்குள் போனதும் முதலில் எங்கே பார்க்கக் கூடாது என்பதையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். தன் டப்பாவிலிருந்து சோற்றைப் பிசைந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தார். அவர் இல்லாவிட்டால் அவள் ஒரு மாதம் தாங்கியிருக்க மாட்டாள்.

வேலையில் தாங்கிக்கொண்டாள், வீட்டில்தான் வினை வந்தது. ஹோட்டலில் பச்சைச் சட்டை, பச்சைப் பேண்ட் சீருடை. அதோடுதான் வீட்டுக்கு வருவாள். பிள்ளை வாசலுக்கு ஓடும். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வாள். "சீ, அம்மாவைத் தொடாதே. அம்மா சீ. குளிச்சிட்டு வரேன்," என்பாள். அழுக்கு, எச்சில், மண், காக்கை எச்சம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளிடம் நாம் சொல்கிற அதே சீதான். ஆனால் மற்ற வீட்டில் சீ என்றால் மண்; எங்கள் வீட்டில் சீ என்றால் அம்மா. அவள் தலைக்கு ஊற்றி, தேய்த்து, நகத்தைச் சுரண்டி, வெளியே வருவதற்குள் பிள்ளை என் மடியில் தூங்கிப்போயிருக்கும். அல்லது டிவியில் மூழ்கியிருக்கும். கூப்பிட்டால் திரும்பாது.

பிள்ளைக்கு அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் சீ வந்துவிட்டது. பேசத் தெரிந்த பிறகு அது ஒரு கேள்வியாகவே மாறியது. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே, ஒரு அடி தள்ளிப்போய், "குளிச்சாச்சா?" என்று கேட்கும். ஆச்சு என்றாலும் நம்பாது. கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்க்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள், எவ்வளவு சுத்தமான பிள்ளை என்று. அவளும் கூடவே சிரிப்பாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் வெகுநேரம் பாத்திரத்தை உருட்டுவாள்.

இந்தப் பின்னணியில்தான் நாங்கள் விருந்தாளியாக வந்திருக்கிறோம். சனிக்கிழமை காலை முழுவதையும் அவள் குளியலறையைத் தேய்ப்பதில் கழித்தாள். பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து அவள் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ விருந்தாளியா வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்றேன்.

"இதோ முடிஞ்சிது. அவளைக் குளிப்பாட்டணும்ல."

"நாலாம் மாடி அக்கா நேத்தே சுத்தம் பண்ணியிருப்பாங்க."

"பண்ணியிருப்பாங்க. எனக்குத் தெரியாதா. மனசு கேக்கல."

முடித்துவிட்டுக் குளித்தாள். குளித்து, வாசனைப் பவுடர் போட்டு, புது உடுப்பு உடுத்தி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சுண்டு, அம்மா குளிச்சாச்சு, வா," என்று மடியைத் தட்டினாள். பிள்ளை வந்தது. கையை முகர்ந்தது. ரப்பர் வாசனை போகவில்லை போலிருக்கிறது. என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. அவள் மடியை நீவிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நீச்சல் குளத்துக்குப் போனோம். அதைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊரில் உள்ள வேர்வையெல்லாம் அதற்குள் நின்றது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் தண்ணீரை வாயில் நிரப்பி, கொப்பளித்து, அங்கேயே துப்பினார். துப்பிய இடத்தில் அவருடைய பேரன் முங்கினான். யாரோ ஒருவருடைய காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி மிதந்து வந்து படியில் ஒட்டிக்கொண்டது. என் மனைவி பிள்ளையை இறங்கவிடவில்லை. பிள்ளை அழுதது. கரையில் உட்காரவைத்து, பிளாஸ்டிக் கோப்பையில் குழாய்த் தண்ணீர் பிடித்து அதன் காலில் ஊற்றினாள். மற்ற பிள்ளைகள் குதிக்கக் குதிக்க, என் பிள்ளை கால் நனைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்தால் அவளைத் திட்டவும் வாய் வரவில்லை.

மதியம் அறைக்கு வந்து படுத்தோம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் நாலாம் மாடி அக்கா, தள்ளுவண்டியோடு, பச்சைச் சட்டையில், முகமெல்லாம் சிரிப்பாக.

"என்ன மேடம், ரூம் சர்வீஸ் வேணுமா?" என்றார்.

"போங்கக்கா," என்று என் மனைவி வெட்கப்பட்டாள். அங்கே வந்த பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சந்தோஷம் அதுதான்.

அக்கா ஒளித்துவைத்திருந்த இரண்டு புது டவலை எடுத்துக் கொடுத்தார். இன்னும் யாரும் பிரிக்காதது, நம்ம சுண்டுவுக்கென்று எடுத்துவைத்தது என்றார். பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, "இதுதான் சுண்டுவா, போட்டோவுல பாத்ததைவிடக் குண்டா இருக்கியே," என்று கன்னத்தைத் தொட வந்தார்.

"சீ," என்றது பிள்ளை. பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. "தொடாத. நீ சீ. போய்க் குளி."

சிறு பிள்ளையின் குரலில் அது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று சொல்ல முடியாது. யாரோ பெரியவர்கள் நன்றாகப் பழக்கிக்கொடுத்தது என்பது எந்த மடையனுக்கும் தெரியும்.

அக்காவின் கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவர் அறையைப் பார்த்தார். கட்டிலில் எங்கள் பூப்போட்ட ஷீட். ஒரு மூலையில் மடித்துவைத்த வெள்ளை ஷீட். குளியலறைக் குழாயில் காயப்போட்ட ரப்பர் கையுறை. கவிழ்த்துவைத்த டம்ளர்கள். சுத்தம் செய்கிறவர் கண்ணுக்கு அது எதுவுமே தப்பாது. ஒன்றன் பின் ஒன்றாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் என் மனைவியைப் பார்த்தார்.

"நேத்து ஷிப்ட் முடிஞ்ச பிறகும் நின்னு இந்த ரூமை ரெண்டு தடவை துடைச்சேன்," என்றார். "என் கையாலதான் டம்ளர் கழுவினேன். ஷீட் எங்கிட்ட இருந்ததுலயே புதுசு."

"அக்கா, உங்களைச் சொல்லலக்கா. எனக்கு எங்க போனாலும் இந்தப் பழக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"பிள்ளைக்கும் பழக்கமா?"

"அது சட்டையைச் சொல்லுதுக்கா. இந்தப் பச்சைச் சட்டையைப் பாத்தா அப்படித்தான் சொல்லும். என்னையே அப்படித்தான் சொல்லும்."

"உன்னையுமா?"

"ஆமாக்கா."

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா வளக்குற," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அலுப்பாகச் சொன்னார். "நாம துடைக்கிறோம்னு மேனேஜர் நம்மைப் பாத்து மூக்கைச் சுளிப்பான். விருந்தாளி சுளிப்பான். சரி, அவங்க அப்படித்தான். நம்ம வீட்டுலயே ஒண்ணை அப்படிச் செஞ்சு வச்சிருக்கியே."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். டவல்கள் கட்டிலில் கிடந்தன.

நான் பிள்ளையை அதட்ட வாயெடுத்தேன். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் என் மனைவி. "அது என் வார்த்தை. அவ திருப்பிச் சொன்னா, அவ்வளவுதான்." முகம் சுண்டிப்போயிருந்தது. அழவில்லை. கட்டிலிலிருந்து எங்கள் ஷீட்டை உருவிப் பைக்குள் திணித்துவிட்டு, அக்கா போட்டுவைத்திருந்த வெள்ளை ஷீட்டைத் திரும்ப விரித்தாள். மூலைகளை எப்படி மடக்க வேண்டுமோ அப்படி மடக்கினாள். அன்று முழுவதும் பிள்ளையின் பக்கம் பார்க்கவே பயந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் அக்காவைத் தேடிக் கீழே போனாள். ஷிப்ட் முடித்துப் போய்விட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு ஆளாக எழுந்தாள். "இன்னிக்கு அவ என்ன கேட்டாலும் குடுக்கணும். நான் எதையும் தடுக்க மாட்டேன்," என்றாள். இதற்கு அந்தக் கையுறையே மேல் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. ஆனால் சொன்னால் கேட்பாளா.

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஊரே தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. சாப்பிட முடியாத அளவுக்கு அள்ளுவது, ஒரு வாய் கடிப்பது, அப்படியே வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போவது. ஒரு பையன் பொதுக் கரண்டியை நக்கி, திரும்பப் பாத்திரத்திலேயே வைத்தான். அவன் அம்மா அதைப் படம் பிடித்தாள். மீந்துபோன முட்டையின் மேல் ஒருவர் கை துடைத்த காகிதத்தைப் போட்டார். நான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சுண்டு மட்டும் நன்றாகச் சாப்பிட்டது. கேட்டதையெல்லாம் அவள் கொண்டுவந்து கொடுத்தாள். தர்பூசணி, ஆரஞ்சு ஜூஸ், பால், முட்டை, மறுபடியும் ஜூஸ். பிறகு நீச்சல் குளம். இறங்கட்டும் என்றாள். பிள்ளை கத்திக்கொண்டே இறங்கியது. குதித்தது, முங்கியது, குடித்தது. என்னென்ன குடித்ததோ யாருக்குத் தெரியும். கரையேறியதும் ஐஸ்கிரீம். என் மனைவி அதன் எதிரில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளை மடிக்கு வரவில்லை. ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு என் காலடியில் வந்து உட்கார்ந்தது.

அறையைக் காலி செய்கிற நேரம் நெருங்கியது. லிப்டில் ஏறினோம். எங்களோடு ஒரு கணவன் மனைவி, வெள்ளை உடை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு சின்ன நாய்க்குட்டி. அந்த நாய்க்கு அந்த அம்மாள் முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் மாடி தாண்டும்போது சுண்டுவின் முகம் வெளுத்தது. "அப்பா," என்றது. நான் குனிவதற்குள் வாந்தி எடுத்துவிட்டது. ஜூஸ், பால், முட்டை, ஐஸ்கிரீம், குளத்துத் தண்ணீர் எல்லாமாக. அதன் சட்டையில், காலில், லிப்டின் தரையில், என் செருப்பில். மூடிய பெட்டிக்குள் அந்தப் புளித்த வாடை ஒரே மூச்சில் நிரம்பியது. உண்மையைச் சொன்னால் நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சீ," என்றாள் நாய் வைத்திருந்த அம்மாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அவள் கணவன், "இதையெல்லாம் ஏன் கூட்டிட்டு வராங்க," என்று அவளிடம் சொன்னான், எங்களுக்குக் கேட்கிற மாதிரி. லிப்ட் மூன்றாம் மாடியில் நின்றதும், அவர்களுடைய மாடியா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் இரண்டு பேரும் தாண்டிக் குதித்து வெளியேறினார்கள். கதவு மூடியது.

பிள்ளை அழவில்லை. தன் சட்டையைக் குனிந்து பார்த்தது. கையை விரித்துப் பார்த்தது. என் மனைவி அதன் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். பிள்ளை லிப்டின் மூலைக்குப் பின்வாங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டது.

"தொடாதம்மா," என்றது. "நான் சீ."

அந்த வயதில் எனக்குச் சுகமில்லாமல் போனால் நான் அம்மா என்று கத்திக்கொண்டு போய் விழுவேன். எல்லாப் பிள்ளையும் அப்படித்தான். என் பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு, உதடு நடுங்க, மூலையில் நின்றது. அதற்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான். சீயாக இருக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைத் தொடக் கூடாது.

என் மனைவி அந்தத் தரையிலேயே, அந்த வாந்தியிலேயே, புது உடுப்போடு முட்டிபோட்டாள். பிள்ளையை இழுத்தாள். பிள்ளை திமிறியது. "குளிக்கல, இன்னும் குளிக்கல," என்று வீறிட்டது. அவள் விடவில்லை. அதன் முகத்தைத் தன் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிள்ளை இன்னொரு முறை அவள் தோளிலேயே வாந்தி எடுத்தது. அவள் தோளைக் கொஞ்சம் உயர்த்தி, தலை சரியாமல் கொடுத்தாள், அவ்வளவுதான்.

நாலாம் மாடியில் கதவு திறந்தது. எதிரே தள்ளுவண்டியும் அக்காவும். அவர் ஒரு பார்வை பார்த்தார். என் மனைவி பிள்ளையோடு எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நான் துடைச்சிடறேன். நீங்க கை வைக்காதீங்க. துணி மட்டும் குடுங்க," என்றாள்.

லிப்ட் எந்த மாடியின் பொறுப்பு என்பது அந்த ஹோட்டலில் தீராத வழக்கு. என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை என்று ஆறு மாடியும் தள்ளிவிடும். லிப்டுக்காக இரண்டு பேர் ஒரு மாதம் பேசாமல் இருந்த கதையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன்.

"இது என் மாடி," என்றார் அக்கா. "நீ பிள்ளையைப் பிடி." கதவு மூடாமல் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில் பிள்ளையின் தலையில் கையை வைத்தார். இந்த முறை பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பில்லை.

என் மனைவி நடைபாதையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எதிர் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, முகத்தைச் சுளித்து, கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளை அவள் மடியில் சுருண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி அவள் தோளைப் பார்த்தது.

"அம்மா, நீயும் சீ ஆயிட்ட," என்றது.

"ஆமா. ஆயிட்டேன்."

பிள்ளை யோசித்தது. பிறகு அந்தத் தோளிலேயே கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த வாடையில் நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். பொய் சொல்லிப் பயனில்லை. அறைச் சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போய்க் குளிச்சிடலாம்," என்றேன்.

"இருங்க," என்றாள். "கொஞ்ச நேரம் போகட்டும்."